வாக்குரிமையா, ஓட்டுரிமையா?

காரைக்குடியில் தேர்தல் நாளன்று, மை வைத்த விரலோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் "ஆச்சி, ஓட்டுப் போட்டாச்சா?" என்றுதான் கேட்போம். "வாக்களித்துவிட்டீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை.

ஓட்டு ஆங்கிலத்திலிருந்து வந்தது. வந்த வேகத்தில் நம் வாயில் ஒட்டிக்கொண்டது: கள்ள ஓட்டு, ஓட்டுக் கேட்பது, ஓட்டுப் பெட்டி. ஒரே ஒரு இடைஞ்சல், ஓட்டு வீடு என்றால் எங்கள் பக்கம் ஓடு வேய்ந்த வீடு, "வண்டியை ஓட்டு" என்பது வேறு, ஆனாலும் பேச்சில் யாரும் குழம்புவதில்லை.

வாக்கு வடமொழி வழி வந்த சொல். சொல், கொடுத்த உறுதி, கோயிலில் கேட்கும் அருள்வாக்கு எல்லாமே அதில் அடக்கம். அதனால் "அவர் வாக்களித்தார்" என்று மட்டும் எழுதினால், சத்தியம் செய்தாரா, சாவடிக்குப் போனாரா என்று முன்பின் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அந்த இரட்டைப் பொருள் பிடிக்கும்.

சரி, உரிமையைச் சேர்த்தால்? ஓட்டுரிமை தப்பில்லை, பத்திரிகைகளிலும் வருகிறது. ஆனால் சட்டம், வரலாறு பற்றி எழுதும்போது வாக்குரிமையையே எடுங்கள். 1921-இல் சென்னை மாகாணப் பெண்களுக்குக் கிடைத்தது வாக்குரிமை, அதுவும் சொத்துத் தகுதி இருந்த சிலருக்கு மட்டும். வயது வந்த எல்லோருக்கும் அதைத் தருவது அரசமைப்பின் 326-ஆவது பிரிவு. 21 வயது என்றிருந்தது 1989-இல்தான் 18 ஆனது. வாக்காளர், வாக்குச்சாவடி, வாக்குப்பதிவு என்று அரசாங்கத் தாள் முழுக்க அந்தக் குடும்பச் சொற்கள்தான், மனு எழுதுகிறவருக்கு அது வசதி.

திண்ணையில் மட்டும் ஓட்டே இருக்கட்டும்.