அறுபதுக்குப் பிறகு ஸ்போர்ட்ஸ் கார்: 911-ஆ, கார்வெட்டா?

கடைசிச் சுற்றில் என்னிடம் மிஞ்சியவை மூன்று கார்கள்: போர்ஷே 911 கரேரா (992 தலைமுறை), செவர்லே கார்வெட் சி8, நிசான் ஜிடி-ஆர். வாங்கியது 911. ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 911-ஐ வீட்டில் வைத்துப் புழங்குகிறேன். மற்ற இரண்டையும் ஆசைதீர ஓட்டிப் பார்த்ததோடு சரி.

வேகத்துக்கு ஒரு பத்தி போதும். என் கரேராவில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 385 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 4.2 வினாடி. கார்வெட்டில் 6.2 லிட்டர் வி8, டர்போ கிடையாது, 490 குதிரைத்திறன். இசட்51 என்ற கூடுதல் சாதனத் தொகுப்போடு எடுத்தால் மணிக்கு 60 மைலை 3 வினாடிக்குள் தொட்டுவிடும். ஜிடி-ஆரும் அந்த வகைதான். காகிதத்தில் பார்த்தால் மூன்றில் மெதுவானது நான் வாங்கிய கார். பொதுச் சாலையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. "இந்த வயதில் இவ்வளவு வேகம் எதற்கு?" என்று கேட்பவர்களிடம் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் பெயரைச் சொல்லி வைக்கிறேன்: 1995 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவை வென்ற அணியில் அவர் ஓட்டியபோது அவருக்கு 70 வயது.

ஜிடி-ஆரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உயரம் 1,370 மில்லிமீட்டர், இந்த மூன்றில் அதுதான் உயரமானது. கதவு சாதாரணக் கூப்பே (நிலையான கூரையுள்ள இரண்டு கதவுக் கார்) கதவு, உள்ளே போய் உட்காருவது சுலபம். ஆனால் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தகவல் அனுப்புகிறது. 2007-இல் வந்த ஆர்35 மாடலின் தயாரிப்பு 2025 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. இனி வாங்குவதெல்லாம் கைமாறிய வண்டிதான். அவற்றில் பலவற்றை முந்தைய சொந்தக்காரர் சும்மா விட்டிருக்க மாட்டார், இஞ்சினைத் திருகிப் பலத்தைக் கூட்டியிருப்பார். அந்த வரலாற்றைத் தோண்டிப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

சரி, மீதி இரண்டு. இவற்றுக்கு நடுவே எனக்கு முடிவு சொன்னது ஒரே விஷயம்: ஏறி இறங்குவது.

இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிப்பார்கள். நாற்பது வயதில் நானும் சிரித்திருப்பேன். உட்காரும் இடம் முழங்கால் மட்டத்துக்குக் கீழே போகப்போக, எழுந்திருக்கும்போது தொடைத் தசை செய்ய வேண்டிய வேலை ஏறிக்கொண்டே போகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் அந்த இடம் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. இறங்கும்போது நேராக எழ வழியில்லை. உடம்பைத் திருப்பி, ஒரு காலை வெளியே வைத்து, கூரைக்குத் தலையைக் குனிந்து, அந்த நிலையிலிருந்து எழ வேண்டும். இடுப்பு, முழங்கால், கழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டிய அசைவு அது. ஏறுவது அவ்வளவு கஷ்டமில்லை, பூமியின் ஈர்ப்பு உதவிக்கு வரும். ஷோரூமில் எல்லோரும் ஏறிப் பார்ப்பதால்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இந்தச் சிக்கல் கார் கட்டும் முறையிலேயே இருக்கிறது. கார் முறுக்கிக்கொள்ளாமல் விறைப்பாக நிற்க வேண்டுமானால் பலத்தை எங்காவது வைத்தாக வேண்டும். பலரும் வைக்கிற இடம் கதவுக்குக் கீழே இருக்கும் படி. 1954-இல் வந்த மெர்சிடீஸ் 300எஸ்எல்லில் குழாய்களால் ஆன சட்டம் அந்தப் படி வழியாகவே ஓடியது. படி மிகவும் உயர்ந்துவிட்டதால் கதவை மேல்நோக்கித் திறக்க வைத்தார்கள், ஸ்டியரிங்கை மடக்க வழி செய்தார்கள். உலகமே கொண்டாடுகிற அந்தச் சிறகுக் கதவு, ஏறி இறங்குகிற சிக்கலுக்குக் கண்டுபிடித்த சமாளிப்புத்தான். 1957-இல் அதன் கூரை திறக்கும் வகையான ரோட்ஸ்டர் வந்தபோது சட்டத்தையே மாற்றிப் படியை இறக்கி, வழக்கமான கதவைப் போட்டார்கள். லோட்டஸ் எலீஸ் கதையும் ஏறக்குறைய இதுதான்: முதல் தலைமுறையில் படி உயரம், இரண்டாம் தலைமுறையில் கொஞ்சம் இறக்கினார்கள். கொஞ்சம்தான். எலீஸை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அதிலிருந்து இறங்குவதை ஒரு யோகாசனமாகவே அங்கீகரிக்கலாம்.

கார்வெட் இந்த விஷயத்தில் நான் நினைத்ததைவிடப் புத்திசாலியான கார். சி8-இன் முதுகெலும்பு இரு சீட்டுகளுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும், சுரங்கம் போன்ற அகலமான அமைப்பு. பலம் அங்கே இருப்பதால் பக்கப் படியை உயர்த்த வேண்டிய அவசியம் வரவில்லை. இஞ்சின் நடுவில் இருக்கும் மற்ற கார்களோடு ஒப்பிட்டால் காலை உள்ளே எடுத்து வைப்பது நிஜமாகவே எளிது. இதற்காக அந்தப் பொறியாளர்களுக்கு ஒரு சலாம்.

ஆனால் படி பாதிக் கதைதான். மீதிப் பாதி உயரம். கார்வெட் 1,234 மில்லிமீட்டர். 911 ஏறக்குறைய 1,300. ஆறேழு சென்டிமீட்டர் என்றால் நான்கு விரல் அகலம்கூட இல்லையே என்று தோன்றும். வீட்டில் ஒரு தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து எழுந்து பார்த்துவிட்டு, அதன்மேல் தடிமனான புத்தகம் ஒன்றை வைத்து இன்னொரு முறை எழுந்து பாருங்கள். முழங்கால் உடனே வித்தியாசம் சொல்லும்.

இன்னொரு காரணம் இஞ்சின் இருக்கும் இடம். 911-இல் அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைக் குறையாகவே சொல்லி வருகிறார்கள். எனக்கு அது வரம். இஞ்சின் அங்கே போய்விட்டதால் முன் சீட்டுகளுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. பெயருக்கு இரண்டு பின் சீட்டுகள். அந்த இடம் இருப்பதால் இறங்கும்முன் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளலாம், சாய்மானத்தைத் தளர்த்தலாம், ஸ்டியரிங்குக்கும் தொடைக்கும் நடுவே காலைத் திருப்ப இடம் கிடைக்கும். கார்வெட்டில் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர், அதற்கப்புறம் இஞ்சின். நகர இடம் குறைவு. பின் சீட்டில் பையையும் கோட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். ஒவ்வொரு முறையும் டிக்கிக்குள் குனிய வேண்டாம். (டிக்கி இடத்தை மட்டும் பார்த்தால் கார்வெட்டில்தான் அதிகம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு டிக்கி. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.)

மூன்றாவது, அகலம். கார்வெட் 1,930 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கரேரா 1,852. நெருக்கமான பார்க்கிங்கில் இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்தினால் பக்கத்துக்கு நான்கு சென்டிமீட்டர் கதவுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. கூப்பே கதவு நீளமானது; பாதிதான் திறக்கும் என்றால் மேலே சொன்ன அந்தத் திருகலை இன்னும் குறுகிய சந்தில் செய்ய வேண்டும். திறந்த வெளியில் எந்தக் காரிலிருந்தும் ஒருவழியாக இறங்கிவிடலாம். உங்கள் உடம்பின் நிஜமான கணக்கு இந்தச் சந்தில்தான் தெரியும்.

பலரும் மறக்கிற ஆள் ஒருவர் உண்டு, பக்கத்து சீட்டில் வருபவர். ஓட்டுபவருக்குப் பிடித்து எழ ஸ்டியரிங்காவது இருக்கிறது. அந்தப் பக்கம் அதுவும் இல்லை. என் மனைவிக்கு என்னைவிட முழங்கால் வலி அதிகம். கார்வெட்டிலிருந்து இறங்கியதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். 911-இல் ஒரு கையைக் கதவுச் சட்டத்திலும் இன்னொன்றைப் படியிலும் ஊன்றி அவளே எழுந்துகொள்கிறாள். அவள் வர மறுக்கிற காரை வைத்துக்கொண்டு நான் மட்டும் சுற்றுவதில் எனக்கு விருப்பமில்லை.

இது மாடலோடு முடிகிற விஷயமும் இல்லை. எந்த சீட் என்பதில் பாதி இருக்கிறது. 911-க்கு கார்பன் பக்கெட் சீட் கிடைக்கும். பார்க்க அழகு. அதன் பக்கத் திண்டு தொடைக்குமேல் சுவர்போல எழும்பி நிற்கும், சாய்மானத்தை மாற்றவும் முடியாது. பழைய 911 வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் முந்தைய சொந்தக்காரர் ஆசையோடு அதைப் போட்டிருப்பார். சாதாரண ஸ்போர்ட்ஸ் சீட்டே நமக்குப் போதும். கார்வெட்டிலும் அப்படித்தான்: ஜிடி1 சீட் மென்மை, காம்பெடிஷன் சீட்டின் திண்டு உயரம். ஜிடி1-இல் உட்கார்ந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்புவேன், காம்பெடிஷனில் மட்டும் உட்கார்ந்துவிட்டுச் சொன்னால் நம்பமாட்டேன்.

சீட்டுக்கு மெமரி பொத்தான் இருந்தால் ஒரு தந்திரம் செய்யலாம். முதல் பொத்தானில் ஓட்டும் நிலை. இரண்டாவதில் இறங்கும் நிலை: சீட் முழு உயரம், முழுப் பின்னால். காரை நிறுத்தியதும் இரண்டாவதை அழுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பதற்குள் சீட் மேலே வந்துவிடும்.

சோதிக்கும்போது இரண்டு கவனங்கள். டெஸ்ட் டிரைவ் தொடங்கும்போது ஏறி இறங்கிப் பயனில்லை. நன்றாக ஓட்டி, மூட்டு இறுகிய பிறகு இறங்குங்கள். அப்புறம் இன்னொரு காரை ஒட்டி நிறுத்தி, கதவைப் பாதி திறந்து இறங்கிப் பாருங்கள். விற்பவர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மற்றவற்றைக் கடகடவென்று சொல்லிவிடலாம். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதில் 911 வெகு தூரம் முன்னே. கார்வெட்டில் பின்பக்கம் இஞ்சின் மறைக்கிறது. பின்பக்கக் கேமரா படத்தைக் காட்டும் கண்ணாடி அதை ஈடுகட்டுகிறது, ஆனால் பைஃபோகல் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த மூக்குக் கண்ணாடி) போட்டவர்களுக்கு அந்தத் திரையில் கண்ணை நிறுத்தச் சற்று நேரம் எடுக்கும். சவாரி மென்மையில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. கார்வெட் காற்றில்லாமலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயரோடு வருகிறது, அதன் பக்கச் சுவர் இறுக்கம்; இருந்தும் நான் ஓட்டிய வண்டியில் இருந்த மேக்னெடிக் சஸ்பென்ஷன் அதை நன்றாகவே விழுங்கியது. நடுச்சாலையில் டயர் மாற்ற வேண்டாம் என்பதும் நம் வயதுக்கு ஒரு பெரிய சௌகரியம். கியரைப் பொறுத்தவரை கார்வெட் சி8-இல் மேனுவலே கிடையாது, எட்டு கியர் இரட்டை கிளட்ச் மட்டும். 911-இல் தேடினால் மேனுவல் கிடைக்கும். மனசு அதைத்தான் கேட்டது, இடது முழங்கால் மறுத்தது.

பராமரிப்புச் செலவில் கார்வெட் ஜெயிக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். தள்ளுகோல் வைத்த பழைய பாணி வி8, பெரிய மர்மம் எதுவும் இல்லை. 911 சர்வீஸ் பில் பார்க்கும்போதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வது நல்லது. விற்கும்போது 911 பெரும்பாலும் விலையைத் தாங்கிப் பிடிக்கும் என்பதால் கணக்கு ஓரளவு சமனாகும். ஆனால் நான் இன்னும் விற்கவில்லை, அதனால் இதை அனுபவமாகச் சொல்ல முடியாது. எதை வாங்கினாலும் நம்மைப் போன்றவர்கள் குறைவாகத்தான் ஓட்டுவோம். அப்போது காலண்டர்தான் எதிரி. பேட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் மாட்டி வையுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரில் பட்டை மிச்சமிருக்கிறதே என்று பார்க்காமல், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் பாருங்கள்.

கூரை திறக்கும் வகை எடுக்கலாமா என்ற கேள்வி பாக்கி. ஏறி இறங்குவதை மட்டும் வைத்துப் பார்த்தால் அதுதான் சிறந்த விடை: கூரையைத் திறந்துவிட்டால் தலையைக் குனிய வேண்டாம், நேராக எழுந்து நிற்கலாம். 911 கேப்ரியோலே கூரை சுமார் 12 வினாடியில் திறக்கும், கார்வெட் கன்வெர்டிபிளில் 16 வினாடி. கார்வெட் கூப்பேயிலும் நடுக்கூரை கழன்று வரும், ஆனால் அதைக் கையால் தூக்கிப் பின் டிக்கியில் வைக்க வேண்டும்; தோள் பிரச்சினை உள்ளவர்கள் தனியாகச் செய்யக்கூடாது. நான் கூப்பே எடுத்தேன், வெயில் எனக்கு ஆகாது. முழங்கால் இன்னும் மோசமானால் அடுத்தது கேப்ரியோலேதான். அதற்குள் கார்வெட் கன்வெர்டிபிளையும் ஒரு முழு நாள் வாடகைக்கு எடுத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கூரை இல்லாதபோது அந்த ஆறேழு சென்டிமீட்டர் எவ்வளவு உறுத்தும் என்பது அப்போது தெரியும்.