ப்ளீக், கிரிம், டையர்: மோசமான நிலைமைக்கு எந்த ஆங்கிலச் சொல்?

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘நிலைமை சரியில்லை’ என்று சொல்லவேண்டிய இடம் வந்தால், நம்மில் பலர் ‘பேட்’, ‘வெரி பேட்’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அகராதியைப் புரட்டினால் பத்துப் பன்னிரண்டு சொற்கள் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருக்கும். கைக்கு வந்ததை எடுத்துப் போட்டால் இலக்கணம் இடிக்காது. ஆனால் படிப்பவருக்குப் போய்ச் சேரும் சேதி மாறிவிடும். நோயாளியின் நிலைமை ‘டையர்’ என்று உறவினருக்கு எழுதினால் அவர் அடுத்த வண்டியைப் பிடிப்பார். ‘ப்ளீக்’ என்று எழுதினால் இனிச் செய்ய ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்.

முதலில் உணர்ச்சி அதிகம் கலக்காத இரண்டு. ‘அன்ஃபேவரபிள்’ என்றால் நமக்குச் சாதகமாக இல்லை, அவ்வளவுதான். அந்நியச் செலாவணி விகிதம், ஒப்பந்த நிபந்தனை, பத்திரிகை விமர்சனம் இவற்றுக்குப் போதும். ‘அட்வர்ஸ்’ ஒரு படி மேலே. லத்தீன் வேரில் ‘எதிராகத் திரும்பியது’ என்று பொருள். சாதகமாக இல்லாததோடு கெடுதலும் செய்கிறது. அதனால்தான் மருந்தின் தீய விளைவு, மோசமான வானிலை, பாதகமான தீர்ப்பு எல்லாவற்றுக்கும் இதே சொல் வருகிறது. அறிக்கைக்கு நல்ல சொல். துக்கத்தில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் வேண்டாம், ஈரமில்லாமல் ஒலிக்கும். அப்புறம், நடுவில் ‘ட்’ இல்லாத ‘அவர்ஸ்’ வேறு சொல். அது மனிதரின் விருப்பமின்மையைக் குறிப்பது. ரிஸ்க் எடுக்கத் தயங்குகிறவருக்கு அதுதான் பொருந்தும்.

உண்மையான போட்டி ப்ளீக், கிரிம், டையர் மூன்றுக்கும் நடுவேதான்.

‘ப்ளீக்’ ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸில் ‘வெளிறிய’ என்ற பொருளில் இருந்த சொல்லோடு தொடர்புடையது. துணி வெளுக்கும் ‘ப்ளீச்’சுக்கும் இதற்கும் உறவு உண்டு. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத, காற்று மட்டும் அடிக்கிற பொட்டல்வெளியை இப்படிச் சொல்வார்கள். நிலைமைக்குச் சொல்லும்போதும் பெரும்பாலும் பார்வை முன்னோக்கித்தான் போகிறது: எதிர்காலம், வாய்ப்பு, வருங்காலக் கணிப்பு. எட்டிய தூரம்வரை நம்பிக்கைக்கு இடமில்லை. நேற்று நடந்த விபத்தை யாரும் ப்ளீக் என்பதில்லை.

அதற்குக் ‘கிரிம்’ இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கொடிய, மூர்க்கமான என்று பொருள். கையில் அரிவாளோடு வரும் மரண உருவத்துக்கு ‘கிரிம் ரீப்பர்’ என்று பெயர். பலி எண்ணிக்கை, இடிபாட்டில் கிடைத்த உடல், கேட்கவே முடியாத செய்தி, இவையெல்லாம் கிரிம். இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது இதன் இன்னொரு முகம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காரியத்தை விடாமல் செய்பவரின் உறுதியையும் கிரிம் என்றே சொல்கிறார்கள். ப்ளீக்கில் அந்தத் தெம்பு கிடையாது.

‘டையர்’ என்பதில் அவசரம் இருக்கிறது. உடனே உதவி வராவிட்டால் விபரீதம் என்ற எச்சரிக்கை அதற்குள்ளேயே உண்டு. அதனால்தான் தேவை, விளைவு, எச்சரிக்கை என்ற சொற்களோடு அதிகம் சேர்கிறது. கடும் நெருக்கடியைச் சொல்லும் ‘டையர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்ற தொடரில் வரும் ஸ்ட்ரெய்ட் (strait) குறுகலான நீரிணை. நேர்கோட்டைக் குறிக்கும் ஸ்ட்ரெய்ட்டின் (straight) எழுத்துக்கூட்டலைப் போட்டுவிடுபவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் ‘படம் டையர்’ என்றால் படுமட்டம் என்று அர்த்தம், ஆபத்து ஒன்றுமில்லை.

ஒரே நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். சந்தை அட்வர்ஸ்: போட்டி அதிகம், மூலப்பொருள் விலை ஏறிவிட்டது. வாய்ப்பு ப்ளீக்: அடுத்த ஆண்டுக்கு ஓர் ஆர்டரும் கையில் இல்லை. செய்தி கிரிம்: பாதிப் பேருக்கு வேலை போய்விட்டது. நிதிநிலை டையர்: இந்த மாதச் சம்பளத்துக்கே பணமில்லை, வங்கி இன்றே கைகொடுக்க வேண்டும். விற்பனை டிஸ்மல்: இவ்வளவு மட்டமாக விற்றதற்கு விற்பனைப் பிரிவு பதில் சொல்லட்டும்.

‘டிஸ்மல்’ என்பதில் அந்தக் குற்றச்சாட்டு ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. லத்தீனில் ‘கெட்ட நாட்கள்’ என்ற தொடரிலிருந்து வந்த சொல் இது. இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்துக்கு 2 வீதம் ஆண்டுக்கு 24 நாட்கள் ஆகாத நாட்களாகக் குறிக்கப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1849-இல் பொருளாதாரத்துக்கு ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்று பட்டம் சூட்டியது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது ஆட்டத்துக்கோ தேர்வு முடிவுக்கோ டிஸ்மல் என்றால் ஓர் இளக்காரமும் கூடவே போகிறது. வெள்ளத்தில் வீடிழந்தவரின் முயற்சியைப் பற்றி இப்படி எழுதிவிடக் கூடாது.

இனி மனம் சம்பந்தப்பட்டவை. ‘டாண்ட்டிங்’ என்பதற்கு நம்மிடம் கச்சிதமான சொல் உண்டு: மலைப்பு. வேலை இன்னும் தொடங்கவில்லை, அண்ணாந்து பார்த்துத் திகைக்கிறோம். ஆனால் ஏற முடியாது என்று யாரும் சொல்லிவிடவில்லை. முயன்று பார்த்து, கிடைத்த பலன் ஊக்கத்தைக் குறைத்தால் அது ‘டிஸ்கரேஜிங்’. மனசே விட்டுப்போனால் ‘டிஸ்ஹார்ட்டனிங்’. இரண்டின் வேரிலும் இருப்பது இதயம்தான், முன்னது பிரெஞ்சு வழி வந்தது. நான் சோர்ந்துவிட்டேன் என்பதற்கு ‘ஐ ஆம் டிஸ்கரேஜிங்’ என்று எழுதினால் நான் அடுத்தவரைச் சோர்வடையச் செய்கிறவன் என்று ஆகிவிடும். நிலைமைக்கு ‘இங்’, ஆளுக்கு ‘எட்’.

‘குளூமி’ மழைமூட்டத்துக்கும் முகவாட்டத்துக்கும் சரி, பெரிய துயரத்துக்குப் பற்றாது. கடுமையான என்று பொருள்படும் ‘இன்கிளமென்ட்’ வானிலையைத் தாண்டி இன்று அதிகம் வருவதில்லை. ‘இனாஸ்பிஷஸ்’ தொடக்கம் சரியாக அமையாததற்கு: முதல் நாளே மின்சாரம் போன மாநாடு, முதல் பந்திலேயே ஆட்டமிழந்த வீரர். ரோமானியர்கள் பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொன்னதிலிருந்து பிறந்த சொல் அது. நம் பழந்தமிழிலும் ‘புள்’ என்றால் பறவை, நிமித்தம் இரண்டும்தான்.