புற்றுக்காளானா, பச்சை வித்துக்காளானா? பறிப்பதற்கு முன் அடியைத் தோண்டுங்கள்

ஆவணி, புரட்டாசியில் ரெண்டு நாள் இடியோடு மழை பெய்தால் போதும், டெல்டாவில் வாய்க்கால் கரை, மூங்கில் படுகை, தென்னந்தோப்பு என்று காளான் தேடி ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். எல்லாரும் தேடுவது புற்றுக்காளானை. அதே மழைக்கு, அதே ஈரத்துக்கு, வெள்ளைக் குடையோடு இன்னொன்றும் முளைக்கும். அதுதான் பச்சை வித்துக்காளான், ஆய்வாளர்கள் வைத்த பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்றால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடுங்கி எடுத்துவிடும்.

மேலிருந்து பார்த்தால் ரெண்டும் வெள்ளை, ரெண்டும் பெரிசு. புற்றுக்காளானின் குடை நடுவில் மண்ணைக் குத்திக்கொண்டு வந்த கூர்முனை ஒன்று கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். பச்சை வித்துக்காளானுக்கு அந்த முனை கிடையாது, வெள்ளைக் குடை மேல் அப்பளத்துண்டு ஒட்டியது மாதிரி பழுப்புச் செதில்கள் இருக்கும். நல்ல மழை அடித்தால் செதில் கழுவிப் போய்விடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தண்டில் வளையம் இருந்தால் விஷம் என்று சொல்வதும் சரியில்லை, புற்றுக்காளானிலேயே வளையம் உள்ள வகை உண்டு.

அடியில்தான் விஷயம் இருக்கிறது. தண்டை ஒடிக்காமல் சுற்றிலும் மண்ணைக் களைக்கொட்டால் நிதானமாக விலக்குங்கள். புற்றுக்காளானின் தண்டு வேர் போல மெலிந்து கீழே போய்க்கொண்டே இருக்கும், சில இடத்தில் ஒரு முழத்துக்கு மேலேகூடப் போகும், கரையான் தன் கூட்டுக்குள் வளர்க்கும் பூஞ்சைப் படுகையில் போய்த்தான் முடியும். பச்சை வித்துக்காளான் தண்டோ மேல்மண்ணிலேயே லேசாகப் பருத்து நின்றுவிடும், வேரும் இருக்காது, கரையானோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. புல்தரையில் வட்டம் கட்டி முளைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும்.

அப்புறம் வித்துத் தூள், அதாவது குடைக்கு அடியில் வரிவரியாக இருக்கும் மடிப்பிலிருந்து உதிரும் தூள். குடையைத் தண்டிலிருந்து வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளில் மங்கிய பச்சை படிந்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். புற்றுக்காளான் என்றால் வெளிர் ரோஸ் நிறத்தில் படியும். மடிப்பின் நிறத்தை வெறும் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், ஏனென்றால் விஷக்காளானிலும் இளசாக இருக்கும்போது மடிப்பு பால் வெள்ளைதான், முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். விரியாத மொட்டைப் பறிப்பது அதனால்தான் ஆபத்து.

வைக்கோல் போரில் வரும் காளான் தனிக் கதை. அதன் அடியில் பை இருக்கும், முற்றினால் மடிப்பு ரோஸாகும். பை இருந்து மடிப்பு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தால் தொடவே வேண்டாம், ஈரலைத் தின்னும் அமனிட்டா வகைகளுக்கும் அதே பைதான்.

கீறினால் பால் வடிகிறதா என்று பார்க்கச் சொல்லும் வீடியோக்களும் சுற்றுகின்றன. அது குளிர்நாட்டு பிர்ச் மரத்தடியில் வளரும் லாக்டேரியஸ் டார்மினோசஸ் போன்றவற்றுக்குப் பொருந்தும். வெள்ளைப் பால், நாக்கைப் பொசுக்கும் காரம், குடை விளிம்பில் கம்பளி ரோமம் என்று அதற்கு அடையாளம் தெளிவு. பின்லாந்தில் அதைக் கொதிக்க வைத்து, தண்ணீரைக் கொட்டி, உப்பில் ஊறவைத்துத் தின்கிறார்கள். அந்த வைத்தியத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நான் சொன்ன நம்மூர்க் காளான் எதிலும் பால் வடியாது, பால் இல்லை என்பதால் எதுவும் நல்ல காளானாகிவிடாது. மஞ்சள் போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாமே பொய்.

யாராவது தின்றுவிட்டு வாந்தி எடுத்தால், மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி தொடங்கியது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தால் அமனிட்டாவாக இருக்கலாம், நடுவில் வாந்தி நின்று தேறியது போலத் தெரிந்தாலும் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள்.