மாடிப்படி ஏறி வருகிற சபைகள்: வட சென்னைப் பங்கு ஒன்றின் பணிக்குழுக்களைப் பற்றி

துறைமுகத்தில் வேலை கிடைத்து 2021ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து வட சென்னைக்குக் குடிவந்தபோது, வாடகை, முன்பணம், தண்ணீர் லாரி வரும் நாள் ஆகியவற்றோடு நான் விசாரித்த இன்னொரு விஷயம், பக்கத்துக் கோயிலில் என்னென்ன சபைகள் இயங்குகின்றன என்பதாகும். என்னுடன் வந்த அம்மாவுக்கு அப்போதே எழுபத்தைந்து வயது. கோயிலும் ஜெபமாலையும் இல்லாமல் அவருக்கு ஒரு நாள் கழியாது. அடுத்த ஆண்டே பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கம் செயலிழந்தது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்ததால், அதன்பின் அவர் கோயிலுக்குப் போவது நின்றே போயிற்று. ஆகவே இந்தப் பங்கின், அதாவது இந்தக் கோயிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின், பணிக்குழுக்களை நான் அறிந்துகொண்டது கோயிலுக்குள் இருந்து அன்று, எங்கள் வீட்டு வாசலில் இருந்துதான். இந்தப் பகுதிக்குப் புதிதாக வருகிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, குறிப்பாக வீட்டில் முதியவரோ நோயாளியோ உள்ளவர்களுக்கு உதவும் என்று எண்ணி இதை எழுதுகிறேன். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பங்கின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வட சென்னையில் கத்தோலிக்கம் நேற்று வந்ததன்று. இராயபுரத்தின் பெயரே இராயப்பர் என்று நாம் அழைக்கும் புனித பேதுருவிடமிருந்து வந்தது என்பார்கள். பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத்தில் பிப்ரவரி 11 திருநாளையொட்டிக் கூடுகிற கூட்டத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கள் பங்கு அவ்வளவு பெரியதன்று. ஆயினும் அறிவிப்புப் பலகையில் பதினொரு குழுக்களின் பெயர்கள் உள்ளன. உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய தன் ஆணையை 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்டது. பங்கின் வேலை குருவானவர் ஒருவரின் வேலை மட்டுமன்று என்ற அந்த எண்ணம் நம் தெருக்களில் எந்த அளவுக்கு நடைமுறையாகியிருக்கிறது என்பதை இந்தப் பதினொரு குழுக்களை வைத்தே பார்க்கலாம்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரமே நான் பங்கு அலுவலகத்துக்குச் சென்று, வீட்டு முகவரியையும் அலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அம்மாவுக்கு நற்கருணை, அதாவது பூசையில் வழங்கும் திவ்விய அப்பம், கொண்டுவர யாரையாவது அனுப்புமாறு கேட்டுக்கொண்டேன். ஆறு வாரங்கள் ஆகியும் ஒருவரும் வரவில்லை. பிறகு தெரிந்தது, அலுவலகத்தில் யாரும் அலட்சியம் காட்டவில்லை. பங்கின் குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்த சிறு குழுக்களுக்கு அன்பியம் என்று பெயர். நோயாளிகளின் விவரம் அந்தந்த அன்பியப் பொறுப்பாளரிடம் போகும் என்பது ஏற்பாடு, ஆனால் எங்கள் கட்டடம் எந்த அன்பியத்திலும் சேர்க்கப்படவே இல்லை. பழைய ஓட்டு வீடுகளை இடித்துக் கட்டிய புதிய கட்டடம் அது. அன்பிய எல்லைகளை வகுத்த காலத்தில் அங்கே கட்டடமே கிடையாது. நான் கொடுத்த தாள் எந்தக் கோப்பிலும் இடம் பெறாமல் கிடந்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நான் பூசையிலிருந்து திரும்பியதும், "சாமி வர்றேன்னாங்களா?" என்று அம்மா கேட்பார். அந்த ஆறு வாரங்களும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை என்னால் மறக்க இயலவில்லை.

எங்களைக் கண்டுபிடித்தவர்கள் மரியாயின் சேனையைச் சேர்ந்த இரண்டு பெண்கள். ஒரு புதன்கிழமை மாலை, பக்கத்துத் தெருவில் தொடங்கி வீடு வீடாக வந்துகொண்டிருந்தவர்கள், எங்கள் கதவில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்துவிட்டு, "மரியே வாழ்க! கோயில்லேர்ந்து வர்றோம், உள்ள வரலாமா?" என்று கேட்டார்கள். கட்டிலருகே தரையில் அமர்ந்து அம்மாவுடன் ஜெபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியைச் சொன்னார்கள். புறப்படும்போது அவர்களில் மூத்தவர் ஒரு சிறு நோட்டில் எங்கள் வீட்டு எண், மாடி, அம்மாவின் பெயர், எந்த நேரத்தில் விழித்திருப்பார் என்பது வரை குறித்துக்கொண்டார்.

இந்த நோட்டு தற்செயலானதன்று என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளின் நகரில் ஃபிராங்க் டஃப் என்ற பொதுநிலையினரும் சில பெண்களும் கூடித் தொடங்கிய இந்தச் சேனையில், ஒவ்வோர் உறுப்பினரும் வாரந்தோறும் ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்து முடித்து, அடுத்த வாரக் கூட்டத்தில் வாய்மொழியாக அறிக்கை தர வேண்டும். கூட்டத்தின் நடுவே வெண்துணி விரித்த மேசையில் மாதா சுரூபம், இரு பக்கமும் இரண்டு பூச்சாடிகள், இரண்டு மெழுகுதிரிகள், முன்னால் சேனையின் கொடிச் சின்னம். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்து, தான் போன வீடுகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்வார்கள். "போன வாரம் போக முடியல" என்று சொல்ல நேர்ந்தால் அதையும் எல்லார் முன்னிலையிலும்தான் சொல்ல வேண்டும். என் கணிப்பில் இந்தப் பங்கில் எதையும் பாதியில் விடாத குழு இதுதான். பண உதவியோ பொருள் உதவியோ செய்வது இவர்களுடைய விதிப்படி கூடாது. ஆகையால் ஒரு வீட்டில் அரிசி இல்லை என்று கண்டால் அந்தச் செய்தியை உரியவர்களிடம் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொடக்கத்தில் இது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது யோசித்தால், ஒன்றும் கொடுக்காதவர்களாக வருவதால்தான் அவர்களை எல்லா வீடுகளிலும் தயக்கமின்றி உட்காரச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது.

அவர்கள் சொல்லித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையே நற்கருணைப் பணியாளர், அதாவது நற்கருணை வழங்க அனுமதி பெற்ற பொதுநிலையினர், ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், அறுபதைக் கடந்தவர். மூன்று மாடி ஏறி வந்த களைப்பில் வாசலிலேயே சற்று நின்று மூச்சு வாங்கிவிட்டு, உள்ளே வந்து, மருந்துச் சீட்டுகள் கிடந்த சிறு முக்காலியை ஒதுக்கி, சட்டைப் பையிலிருந்து வெண்துகிலை எடுத்து நான்கு மூலையும் நீவி விரித்தார்; அதன்மேல் சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை வைத்து, மெழுகுதிரியை ஏற்றி, கழுத்தில் தொங்கிய சிறு பையிலிருந்து நற்கருணைச் சிமிழை எடுத்து வைத்தார். அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது. "இப்பதான் காப்பி குடிச்சேன் தம்பி. நன்மை வாங்கக் கூடாதே" என்றார். நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒன்றும் உண்ணாதிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இல்லை என்பதைத் திருச்சபைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. அதை அவர் ஒரு சட்டமாகச் சொல்லவில்லை. "உங்களுக்கும் உங்களப் பாத்துக்கிறவங்களுக்கும் அது கெடையாதும்மா. காப்பி குடிச்சா தெம்பா ஜெபம் சொல்லலாம்" என்றார். அம்மா வலக்கையால் இடக்கையைத் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார்.

1973ஆம் ஆண்டு உரோமை அனுமதித்த இந்தப் பணி, ஞாயிறு பூசையில் வரிசையைக் குறைக்கிற வசதி என்ற அளவிலேயே பலராலும் பார்க்கப்படுகிறது. எங்கள் பங்கில் பூசையில் நற்கருணை வழங்கப் பன்னிரண்டு பேர் இருந்தும், வீடுகளுக்குச் செல்வோர் நால்வர்தான். மற்றவர்களும் மாதம் இருமுறையாவது சென்றால், ஒருவரே காலையில் ஒன்பது வீடுகளுக்கு ஓட வேண்டிய நிலை இராது.

வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் நான் இப்போது அதன் உறுப்பினன். 1833இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை இது. அப்போது ஓசானாமுக்கு இருபது வயது. இருவர் இருவராக ஏழைகளின் வீட்டுக்கே செல்வது என்று அவர்கள் வகுத்த முறை இன்றும் மாறவில்லை. எங்களுக்கு இந்தச் சபையிலிருந்து முதலில் வந்தது ஒரு சக்கர நாற்காலி. இரவலாகத்தான், தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போகும். அதைத் தூக்கிவந்த இருவரில் ஒருவர் மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுபவர், மற்றவர் தையற்காரர். நாற்காலியை இறக்கி வைத்துவிட்டு உடனே போகாமல், அம்மாவை அதில் அமர்த்தி, கால் வைக்கும் தட்டின் உயரத்தைத் திருப்புளியால் சரிசெய்து, சன்னலருகே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அன்றுதான் தெருவைப் பார்த்தார்.

வாரக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இரகசியக் காணிக்கை. கூட்டம் முடியும் தறுவாயில் வாய் குறுகிய ஒரு துணிப்பை கைமாறி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்பது எவருக்கும் தெரியாது. உதவி பெறும் குடும்பங்களின் பெயர்களும் கூட்ட அறையைத் தாண்டுவதில்லை. கோயில் மின்விசிறியில்கூட நன்கொடையாளர் பெயரை எழுதி வைக்கிற வழக்கத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு, இது பெரிய ஆறுதலாக இருந்தது. குறை ஒன்று உண்டு: ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்துக்கும் தேடி வருகிறவர்கள் அதிகம், கையிருப்போ குறைவு, ஆகவே ஒரு குடும்பத்தை முழுதாகத் தூக்கிவிட முடியாமல், பலருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

அன்பியங்களைப் பற்றி ஒரே தீர்ப்பாகச் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி, விவிலியப் பகுதியை வாசித்து, மனத்தைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் எடுத்துச் சொல்லி, பிறகு தெருவின் தேவைகளைப் பேசுவது என்ற முறை நன்றாக நடக்கும் இடத்தில் அது உண்மையிலேயே பக்கத்து வீட்டுத் திருச்சபையாக இருக்கிறது. நடக்காத இடத்தில் அது சந்தா வசூலிக்கும் ஏற்பாடாகவும், திருவிழா நவநாளில் எந்த நாள் யாருடைய பொறுப்பு என்று பிரிக்கும் பட்டியலாகவும் சுருங்கிவிடுகிறது. வாடகைக்குக் குடியிருப்போர் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீடு மாறுகிற பகுதி இது. அப்படியிருக்க, பழைய பங்கிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் பெயரைச் சேர்ப்போம் என்று காத்திருப்பது, அடுத்த வீடு மாறும் வரை அந்தக் குடும்பத்தை வெளியில் நிறுத்துவதாகவே முடிகிறது. கடிதம் வேண்டியதுதான், ஆனால் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க எந்தக் கடிதமும் தேவையில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்கள் என் மதிப்பில் மிக உயர்ந்தவர்கள். ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு, மற்றவர்கள் இட்லி சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரத்தில், கோயில் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, வாசிக்க வரவில்லை. ஆகவே விசுவாசப் பிரமாணத்தைக் கற்பிப்பதற்கு முன்னால் எழுத்தைக் கற்பிக்க வேண்டிய சுமையும் அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. இதற்குத் தனியாக ஒரு வகுப்பும், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் கிடைத்தால் போதும்.

பாடகர் குழு நன்றாகப் பாடுகிறது; சபையோர் சேர்ந்து பாட இடம் கொடுக்கும் பாடல்களை இன்னும் கூடுதலாகத் தெரிவு செய்யலாம். பீடச் சிறாரும் வாசகர்களும் ஒழுங்கானவர்கள்.

இளையோர் இயக்கத்தைக் கிரிக்கெட் போட்டியும் கிறிஸ்துமஸ் குடிலும்தான் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மாற்றியது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, பால் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் காலை, ஒரு மீன்பாடி வண்டியில் பால் பாக்கெட்டுகளும் மெழுகுதிரிகளும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றி, நான்கு பையன்கள் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எந்த வீடு கோயில் வீடு, எது இல்லை என்று அவர்கள் கேட்கவில்லை. கைக்குழந்தை உள்ள வீடு எது, படுக்கையில் இருப்பவர் உள்ள வீடு எது என்று மட்டும் கீழே நின்று குரல் கொடுத்துக் கேட்டார்கள். எங்களுக்கு இரண்டு பாக்கெட் பால் மேலே வந்தது. தண்ணீர் வடிந்த பின் இந்தப் பையன்களைப் பங்குக் காரியங்களில் குருவானவருக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையில் அழைத்து, என்ன தேவைப்பட்டது, எங்கே சிரமப்பட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதான், முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கில்லை என்பதைத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் நல்ல ஆலோசனை எங்கிருந்து வருமோ அங்கே கேட்பதுதான் அதன் முதல் வேலை.

சேர விரும்புவோர்க்கு நடைமுறைத் தகவல்கள் சில. வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம் வியாழன் மாலை 7 மணிக்கு நடக்கிறது. மரியாயின் சேனை செவ்வாய் மாலை 5 மணிக்குக் கூடுவதால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாய்ப்பில்லை, இரவு நேரத்தில் இன்னொரு பிரிவு தொடங்க வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். என்னைப் போல் முறை மாறி வேலை செய்பவர்கள் தயங்க வேண்டாம். இரவு வேலை வாரத்தில் எனக்குப் பதிலாக வீடு பார்க்க ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்கிறோம். வீட்டில் நோயாளி இருந்தால் அலுவலகத்தில் தாள் கொடுப்பதோடு நிற்காமல், பூசை முடிந்ததும் நற்கருணைப் பணியாளர் ஒருவரை நேரில் பிடித்துச் சொல்லிவிடுங்கள். கடந்த தவக்காலத்திலிருந்து நோயாளிகள் பட்டியலுக்கென்று ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அன்பியத்தின் பெயரைக் கேட்காமல், தெரு, கட்டடம், மாடி என்ற வரிசையில் அதில் எழுதுகிறோம்; பூசைக்கு வேண்டிய உடைகளையும் பாத்திரங்களையும் வைக்கும் சக்கரீஸ்து அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம்.