கழித்த ஆபீஸ் பெட்டியா, புதிதாகப் பூட்டிய பெட்டியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுனில் வீட்டுக்கு ஒரு மேசைக் கணினி வாங்க நினைத்தால் உருப்படியான வழி இரண்டு. லீஸ் முடிந்து ஆபீஸ்களில் இருந்து வெளியேறும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளைத் துடைத்து, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) மாட்டி விற்கிறார்கள்; அதில் ஒன்றை வாங்கலாம். இல்லையென்றால் ஈப்போவிலோ இணையத்திலோ போர்டு, சிப், மெமரி, பவர் சப்ளை என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டலாம். பள்ளிப் பாடம், டியூஷன், ஆன்லைன் பாரம், கடைக் கணக்கு ஆகியவற்றுக்கு இரண்டின் வேகமும் தாராளம். அதனால் வேகத்தை ஓரமாக வைத்துவிடலாம். சாயங்கால இடியில் ஒரு பாகம் போனால் மாற்று எங்கே கிடைக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) என்ன அமைப்பு உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

இணையக் கடைகளில் மூன்றாவதாக ஒன்றும் கண்ணில் படும்: பழைய சியோன் (இன்டெலின் சர்வர் வகை) சிப்போடு வரும் எக்ஸ்99 சீனப் போர்டு. கோர் எண்ணிக்கை மயக்கும். சிப் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, பயாஸ் புதுப்பிப்புக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. வீட்டுக்கு வேண்டாம்.

எண்ணைப் படித்துவிட்டுக் காசை எடுங்கள்

கழித்த பெட்டியில் 'கோர் ஐ5' என்ற ஒட்டி மட்டும் பார்த்து வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. முதலாவதில் நான்கு கோர், இரண்டாவதில் ஆறு. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில் தொடங்குகின்றன. ஏழாம் தலைமுறையிலும் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடும். ஆனால் வருடாந்தரப் பெரிய புதுப்பிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் அதே குறுக்கு வழியில்தான் போக வேண்டும். மாடல் எண்ணிலேயே இதைப் பிடித்துவிடலாம். ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060, புரோடெஸ்க் 600 ஜி4, திங்க்சென்டர் எம்720 ஆகியவை எட்டாம் தலைமுறை. 3050, 600 ஜி3, எம்710 என்று வந்தால் பழசு.

புதிதாகப் பூட்டுவதில் இன்றைக்கும் நியாயமான தேர்வு, ஏஎம்4 (ஏஎம்டி சிப்புக்கான சாக்கெட் வகை) போர்டில் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இன்டெல் பக்கம் போனால் எச்610 போர்டில் ஐ3-12100. இரண்டிலும் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். 12100எஃப்-இலும், 'ஜி' இல்லாத ரைசன் 5500, 5600-இலும் உள் கிராபிக்ஸ் இல்லை. விலை குறைகிறதே என்று அதை வாங்கிப் பூட்டினால் காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு போடாமல் அதற்குத் தீர்வு கிடையாது.

எட்டாம் தலைமுறை ஆபீஸ் பெட்டி, மெமரியும் எஸ்எஸ்டியும் சேர்த்தே, புதுப் பெட்டிக்கு வேண்டிய போர்டும் சிப்பும் விற்கும் விலைக்குள் அடங்கிவிடும். 2025 கடைசியில் மெமரி விலை ஏறத் தொடங்கிய பிறகு இந்த இடைவெளி இன்னும் அகலமானது. 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு வரும் பழைய பெட்டிக்கு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 சேர்த்தால் போதும். டிடிஆர்5 மெமரி வேண்டும் என்கிற புதிய ஏஎம்5 பக்கம் இந்த வேலைகளுக்காகப் போக வேண்டியதில்லை.

பாகம் போனால் என்ன ஆகும்

இங்கேதான் கணக்கு திரும்புகிறது. புதுப் பெட்டியில் பவர் சப்ளை ஏடிஎக்ஸ் அளவு, போர்டுக்குப் போகும் செருகி 24 பின். எது கெட்டாலும் வேறு எந்தக் கம்பெனியின் சரக்கையும் அந்த இடத்தில் வைக்கலாம். ஆப்டிபிளெக்ஸில் அப்படி முடியாது. பவர் சப்ளைக்குத் தனி வடிவம், குறைந்த பின்கள் கொண்ட தனிச் செருகி. எஸ்எஸ்டிக்கான சாட்டா மின்சாரம்கூட போர்டில் இருந்துதான் வருகிறது. போர்டு போனால் அதே மாடல் போர்டைத்தான் தேட வேண்டும். டவுனில் கிடைக்காது. இணையத்தில் பழையது கிடைக்கும், வந்து சேரும் வரை பிள்ளை கைபேசியில்தான் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். காற்றாடியின் செருகியும் சில மாடல்களில் தனி வகை. சாதாரணக் காற்றாடியை மாட்டினால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காற்றாடிக் கோளாறு என்று திரையில் நிறுத்திவிடும்.

கழித்த பெட்டியை வாங்குவதென்றால், இடம் அடைக்கிறதே என்று பார்க்காமல் டவர் வடிவத்தையே எடுங்கள். ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டிக்குள் பாதி உயரக் கார்டு மட்டுமே போகும், பவர் சப்ளை 200 வாட் சுற்றளவில் நிற்கும். டவரில் சுமார் 260 வாட். அதிலும் கிராபிக்ஸ் கார்டுக்கான தனி மின் செருகி இருக்காது. ஆகவே போர்டு துளை தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் போட முடியும். கையடக்க மைக்ரோ பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பவர் சப்ளை வெளியே இருக்கும் அடாப்டர் என்பதால், மின்சாரக் கோளாறில் அது மட்டும் போனால் மாற்றுவது எளிது. மெமரி மட்டும் லேப்டாப் வகை.

புதுப் பெட்டியில் கெடுவது வேறு இடத்தில். கேஸோடு சேர்த்து இலவசமாகத் தரும் பவர் சப்ளையை நம்ப வேண்டாம். பெயர் தெரிந்த 450 வாட், 80 பிளஸ் ப்ரோன்ஸ் தரச் சான்று பெற்ற ஒன்றைத் தனியாக வாங்குங்கள். மலிவான பவர் சப்ளையின் பின்புறம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் 230-ல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும். 115-ல் இருந்தால் நம் மின்சாரத்துக்கு அந்த நொடியே வெடிக்கும். பூட்டியதும் காற்றாடி சுற்றித் திரை வராவிட்டால், முதலில் சிப் அருகில் இருக்கும் 8 பின் செருகி மறந்துபோயிற்றா என்று பாருங்கள். மெமரி இரண்டு குச்சி என்றால், நான்கு துளை உள்ள போர்டில் சிப்பில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளையில் போட வேண்டும். உள் கிராபிக்ஸ் மெமரியைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, ஆகவே 5600ஜி-க்கு 16 ஜிபி ஒற்றைக் குச்சியைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. ஏஎம்4 சிப்பின் கூலரைக் கழற்றும்போது மெல்லத் திருகி அசைத்துவிட்டுத் தூக்குங்கள். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் சிப்பையும் சாக்கெட்டோடு பிடுங்கி வரும், பின்கள் வளையும்.

பயாஸ்: பழையவர் பூட்டு போட்டு வந்ததும் காலியாக வந்ததும்

கழித்த பெட்டியின் பயாஸில் இன்னொருவர் வாழ்ந்திருக்கிறார். கடையிலேயே திறந்து பாருங்கள்: டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். உள்ளே போனால் ஏதேனும் ஒரு அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். சில பெட்டிகள் பார்க்க விடும், மாற்ற விடாது. பாதுகாப்புப் பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்று ஒரு வரி இருக்கும். அது இயங்கும் நிலையில் இருந்தால் பழைய நிறுவனம் தன் கண்காணிப்பை இன்னும் விடுவிக்கவில்லை என்று பொருள். அதையும் வாங்கக் கூடாது.

அடுத்தது டிஸ்க் முறை. டெல் பெட்டிகள் பலவற்றில் சாட்டா அமைப்பு 'ரெய்டு ஆன்' என்றே தொழிற்சாலையில் இருந்து வரும். லினக்ஸ் போட நினைத்தால் என்விஎம்இ எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது; ஏஎச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே விண்டோஸ் ஏறியிருக்கும்போது சட்டென்று மாற்றினால் நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் 'சேஃப் பூட்' குறியிட்டு, மறுதொடக்கத்தில் நேராக பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்கி, சேஃப் மோடில் ஒரு முறை விண்டோஸைத் திறந்த பிறகு குறியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

புதுப் போர்டில் கதை வேறு. எல்லாம் காலி, நீங்கள்தான் நிரப்ப வேண்டும். டெலீட் விசையைத் தட்டி உள்ளே போனதும் மெமரி வேகத்தைப் பாருங்கள். 3200 என்று எழுதிய குச்சி 2133 அல்லது 2400-ல் ஓடிக்கொண்டிருக்கலாம். எக்ஸ்எம்பி என்ற வரியை இயக்கினால் சரியாகும். ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம், இன்டெலில் பிடிடி என்ற பெயரில், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இருக்கிறது, இயங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். பழைய முறையில் பூட் ஆக விடும் சிஎஸ்எம் அணைந்திருக்க வேண்டும். அது இயங்கும் நிலையில் விண்டோஸ் ஏற்றினால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் அமையக்கூடும். பிறகு சிஎஸ்எம்மை அணைத்தால் பூட் ஆகாது. எம்பிஆர்2ஜிபிடி என்று விண்டோஸிலேயே இருக்கும் கருவியால் அழிக்காமல் மாற்றலாம். ஆனாலும் முக்கியமான கோப்புகளை முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒரு விதிவிலக்கு: மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டு சிஎஸ்எம் இல்லாமல் திரை காட்டாது.

பழைய சரக்கு பி450 போர்டு 5000 வரிசை சிப்பையும், பழைய சரக்கு எச்610 போர்டு 13, 14-ஆம் தலைமுறைச் சிப்பையும் பயாஸ் புதுப்பிக்காமல் ஏற்காது. வாங்கும் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதற்காக இன்னொரு பழைய சிப்பைத் தேட முடியாது.

யாருக்கு எது

பிள்ளைகள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) வரைக்கும் பாடம், தட்டச்சு, வீடியோ வகுப்பு என்று ஓட்டப் போகிற வீட்டுக்கு எட்டாம் தலைமுறை டவர், 16 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி. மிச்சப்படும் காசில் யுபிஎஸ் வாங்குங்கள். புதுப் பெட்டியின் கூடுதல் வேகத்தைவிட அது இங்கே அதிகம் உழைக்கும். விளையாட்டு, வீடியோ வெட்டுவது, கல்யாண ஆல்பம் என்று போகிறவர்கள் புதிதாகப் பூட்டட்டும். ஆபீஸ் பெட்டியை வாங்கி, பிறகு கிராபிக்ஸ் கார்டு, அதற்காகப் பவர் சப்ளை, அதற்காக மாற்றுச் செருகி வயர் என்று போவது இரண்டு பெட்டி விலைக்கு ஒரு அரைப் பெட்டி வாங்குவது.

இரண்டுக்கும் பொதுவான ஊர்க் கணக்கு

பழைய லயத்து வீடுகளில் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸின் இரும்பைத் தொட்டால் மெல்லச் சுருக்கென்று இழுத்தால் எர்த் இல்லை என்று சந்தேகப்படுங்கள். பவர் சப்ளை உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது கேஸை மின்னழுத்தத்தில் பாதி அளவுக்கு மிதக்க விடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்து சர்ஜ் பாதுகாப்பு வாங்கினாலும் எர்த் இல்லாத பாயின்டில் அது முழு வேலையைச் செய்யாது. வயர்மேனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஃபைபர் இணையம் வந்ததால் இடி பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, சரி. ரவுட்டரில் இருந்து கணினிக்கு வரும் லேன் வயர் செம்பு. ரவுட்டரின் அடாப்டர் வழியாக ஏறுவது அந்த வயரில் இறங்கி போர்டின் லேன் துளையைச் சுடும். இடி கேட்டதும் பிளக்கோடு லேன் வயரையும் உருவுங்கள்.

தினம் பிளக்கை உருவும் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு. மின்சாரம் செருகியிருக்கும்வரை போர்டின் கடிகாரம் அதில் ஓடுகிறது; உருவிய பிறகு சிஆர்2032 பேட்டரியில்தான் ஓடும். ஏற்கெனவே பல வருடம் உழைத்த ஆபீஸ் பெட்டியில் அது விரைவில் தீர்ந்துவிடும். தேதி பின்னால் போய்விட்டதென்றால், 'பாதுகாப்பற்ற தளம்' என்று பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தையும் மறிக்கும். பல வீடுகளில் இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே மறுபடி ஏற்றுகிறார்கள். கடிகாரக் கடையில் 3 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டால் தீரும். மாற்றிய பின் பயாஸில் தேதி, டிஸ்க் முறை, பூட் வரிசை மூன்றையும் சரிபாருங்கள்.

பயாஸில் மின்வெட்டுக்குப் பிந்தைய நிலை என்று ஒரு வரி உண்டு. டெல்லில் ஏசி ரெக்கவரி என்பார்கள். அது 'பவர் ஆஃப்' என்று இருக்கட்டும். கரண்ட் திரும்பும்போது இரண்டு மூன்று முறை போய் வரும். தானாக எழும்பும்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் பூட் ஆகும் பாதியிலேயே அணைந்துவிடும்.

பயாஸ் புதுப்பிப்பைச் சாயங்காலத்தில் தொடவே வேண்டாம். இங்கே இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கட்டும். வானம் தெளிந்த காலையில், யுபிஎஸ் வழியாகச் செய்யுங்கள். அதற்கு முன், டிஸ்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று விண்டோஸில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11 கேட்காமலேயே டிஸ்கைப் பூட்டியிருக்கலாம். புதுப்பிப்பில் டிபிஎம் அழிந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிறகு புதுப்பிப்பைத் தொடங்குங்கள்.