எடைக் கணக்குக்கு மெஷ்லேப் போதும், பரப்பளவுக்கு மட்டும் உஷார்

காசிமேட்டில் தேய்ந்துபோன புரொப்பல்லரை ஸ்கேன் பண்ணி, மேற்பரப்பை முக்கோணங்களாகப் பதியும் எஸ்டிஎல் ஃபைலாகக் கொண்டுவருபவர் கேட்பது ஒன்றுதான்: புதிதாக வார்த்தால் எத்தனை கிலோ வரும்? வியாசர்பாடிப் பட்டறைகளில் புரொப்பல்லருக்குப் பதில் பம்ப் கேஸிங், கேள்வி அதேதான். ராயபுரம் பக்கம் மருத்துவம் படிப்பவர்களுக்கு சிடி ஸ்கேனிலிருந்து எலும்பின் கன அளவு வேண்டும். அத்திப்பட்டில் நிலக்கரிக் குவியல் எத்தனை கன மீட்டர் என்று கேட்பார்கள். இது எதற்கும் பணம் கட்டி சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. மெஷ்லேப், 3டி ஸ்லைசர், பிளெண்டர், கிளவுட்கம்பேர் நான்கும் இலவசம். ஆனால் நான்கும் நான்கு விதமாக ஏமாற்றும்.

முதலில் மெஷ்லேப். 2005 கடைசியில் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் பாடவேலையாகத் தொடங்கியது. வார்ப்பு எடை பார்க்க நான்கில் இதைத்தான் சிபாரிசு செய்வோம். காரணம் எளிது: தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாது. ஃபைலைத் திறக்கும்போது ஒரே இடத்தில் இருக்கும் புள்ளிகளை இணைக்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். பிறகு ஃபில்டர்ஸ் மெனு, அதில் குவாலிட்டி மெஷர் அண்ட் கம்ப்யூடேஷன்ஸ், அதில் கம்ப்யூட் ஜியோமெட்ரிக் மெஷர்ஸ். கீழே வலது மூலையில் பவுண்டிங் பாக்ஸ் (பொருளைச் சுற்றி அடங்கும் பெட்டி) அளவு, பரப்பளவு, கன அளவு எல்லாம் வரிசையாக வரும். மெஷ்ஷில், அதாவது அந்த முக்கோண வலையில், எங்காவது திறப்பு இருந்தால் 'வாட்டர்டைட்' இல்லை என்று சொல்லிவிட்டு, கன அளவைத் தராமல் நிறுத்திக்கொள்ளும். ஓட்டைக் குடத்தில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டால் வேறென்ன சொல்வது?

கன அளவைப் பார்க்கும் முன் பவுண்டிங் பாக்ஸைப் பாருங்கள். எஸ்டிஎல் ஃபைலுக்கு அலகு கிடையாது, வெறும் எண்தான். 600 மி.மீ. விட்டமுள்ள புரொப்பல்லருக்கு 23.6 என்று காட்டினால் ஃபைல் அங்குலத்தில் இருக்கிறது. 60 என்றால் செ.மீ., 0.6 என்றால் மீட்டர். அங்குலத்தை மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் நீளத்தில் தவறு 25.4 மடங்குதான், கன அளவில் அதுவே 16,387 மடங்கு. இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். ஆபத்து சின்னத் தவறில்தான். வார்ப்பு அச்சு எடுக்கும் பேட்டர்னை ஸ்கேன் பண்ணியிருந்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதற்கான கூடுதல் அளவும் அதில் சேர்ந்திருக்கும். சாம்பல் வார்ப்பிரும்புக்கு நீளத்தில் சுமார் 1% கூட்டுவார்கள், கன அளவில் அது 3% ஆகிவிடும். 100 கிலோ வார்ப்பில் 3 கிலோ. யாரும் கவனிக்காமலே கொட்டேஷனில் ஏறிவிடும்.

அடுத்து ஓட்டை அடைப்பது. குளோஸ் ஹோல்ஸ் என்ற ஃபில்டர் இதைச் செய்கிறது. எத்தனை விளிம்புகள் வரை உள்ள ஓட்டையை அடைக்கலாம் என்பது 30 என்று வைக்கப்பட்டிருக்கும், பெரிய ஓட்டைக்கு அதைக் கூட்ட வேண்டும். புரொப்பல்லரில் சறுக்குவது இங்கேதான். ஷாஃப்ட் போகும் துளைக்குள் ஸ்கேனரின் வெளிச்சம் போகாது. உட்சுவர் பதிவாகாமல் இரண்டு முனையிலும் வட்ட விளிம்பு மட்டும் நிற்கும். ஃபில்டர் அந்த இரண்டு வட்டத்தையும் மூடி போட்டு அடைத்துவிடும். மெஷ் வாட்டர்டைட் ஆகிவிட்டது, எண்ணும் வந்துவிட்டது, ஆனால் துளை இருந்த இடம் கெட்டி உலோகமாகிவிட்டது. துளை சராசரியாக 50 மி.மீ. விட்டம், நடுக்குமிழ் 120 மி.மீ. நீளம் என்றால் 236 கன செ.மீ. கூடிவிடும். மாங்கனீஸ் வெண்கலத்தின் அடர்த்தியை கன செ.மீ.க்கு 8.3 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 2 கிலோ. துளையை வெர்னியரால் அளந்து, வந்த எண்ணிலிருந்து கழிப்பதே சுலபம்.

உள்ளே கூடாக இருக்கும் கேஸிங்குக்கு வேறு சிக்கல். ஒவ்வொரு முக்கோணத்தையும் ஆதிப்புள்ளியோடு சேர்த்து ஒரு நான்முகியாக்கி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துக் கூட்டியோ கழித்தோதான் மொத்தக் கன அளவு வருகிறது. உள்சுவரின் முக்கோணங்கள் உள்வெளியைப் பார்த்தால் வெற்றிடம் சரியாகக் கழியும். திசை புரண்டிருந்தால் வெற்றிடமும் இரும்பாகக் கூட்டப்படும், எச்சரிக்கையும் வராது. உள்கூடு வெளிச்சுவரோடு எங்கும் ஒட்டாமல் தனியாக மூடியிருந்தால், ஸ்பிளிட் இன் கனெக்டட் காம்பொனென்ட்ஸ் கொடுத்து இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக அளந்து, குறியைப் பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். இன்னொன்று, மெஷ்லேப்பில் கன்ட்ரோல்-இசட் போட்டுப் பழையபடி திரும்ப முடியாது. ஒவ்வொரு ஃபில்டருக்கு முன்னும் வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு குறைக்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கலாம்.

இனி பரப்பளவு. இதில் எந்த சாஃப்ட்வேரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஸ்கேனில் வரும் சிறு மேடுபள்ளம் கன அளவில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பரப்பளவில் அப்படி ஈடாகாது, ஒவ்வொரு நெளிவும் கூடிக்கொண்டே போகும். நெளிவை வழவழப்பாக்கும் டாபின் ஸ்மூத் ஃபில்டரைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். கன அளவு அப்படியே நின்று பரப்பளவு மட்டும் சரசரவென்று இறங்கினால், அதுவரை அளந்தது இரைச்சலை. லாப்லாசியன் ஸ்மூத் வேண்டாம், அது பொருளையே சுருக்கிவிடும். கணினியிலேயே வரைந்த கேட் மாடலில் நிலைமை தலைகீழ், அங்கே கன அளவுதான் அதிகம் தவறும்: உருளையை 16 பக்கமாக எக்ஸ்போர்ட் பண்ணினால் கன அளவு 2.5% குறையும், 32 பக்கமானால் 0.6% குறையும்.

ஃபைபர் படகுக்குப் பெயின்ட் கணக்கு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொத்தப் பரப்பளவு என்றால் உட்புறமும் வெளிப்புறமும் சேர்ந்தது. வெளிப்புற முக்கோணங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட் ஏரியா/பெரிமீட்டர் ஆஃப் செலக்‌ஷன் கொடுங்கள். பரப்பளவுக்கு மெஷ் மூடியிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் வெளிப்புற ஸ்கேன் மட்டும் இருந்தாலே போதும்.

சிடி ஸ்கேனுக்கு 3டி ஸ்லைசர். ஸ்கேனர் தரும் டைகாம் ஃபைலையே கொடுங்கள், ஜேபெக் படங்களில் மி.மீ. கணக்கு இருக்காது. செக்மென்ட் எடிட்டரில் திரெஷோல்ட் (எந்த அளவு வெளிச்சத்துக்கு மேல் எலும்பு என்ற எல்லை) வைத்து எலும்பைப் பிரித்து, ஐலண்ட்ஸ் கருவியால் உதிரித் துண்டுகளை நீக்கி, செக்மென்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதிக்குப் போனால் கன அளவு இரண்டு விதமாக வரும்: வாக்ஸல்களை (ஸ்கேனின் சின்னஞ்சிறு கட்டிகளை) எண்ணியது ஒன்று, மூடிய மேற்பரப்பிலிருந்து கணக்கிட்டது இன்னொன்று. இரண்டும் நெருங்கி இருந்தால் நிம்மதி. திரெஷோல்டை எங்கே வைத்தீர்கள் என்பதை ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுதுங்கள். 20 மி.மீ. விட்டமுள்ள கட்டியில் எல்லை சுற்றிலும் அரை மி.மீ. வெளியே தள்ளினாலே கன அளவு 16% ஏறிவிடும். வாக்ஸல்களின் வெளிமுகங்களை மட்டும் எண்ணிப் பரப்பளவு எடுக்காதீர்கள். படிக்கட்டு மாதிரி இருக்கும் கோளத்துக்கு அது உண்மையைப் போல ஒன்றரை மடங்கு காட்டும், எவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் எடுத்தாலும் அந்த ஒன்றரை குறையாது. ஸ்லைசர் ஆராய்ச்சிக்கான கருவி, நோயாளியின் சிகிச்சையை இதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

பிளெண்டரின் 3டி பிரின்ட் டூல்பாக்ஸ் பார்க்க எளிது, வால்யூம் என்று ஒரு பட்டன், ஏரியா என்று ஒரு பட்டன். மெஷ்ஷில் ஓட்டை இருந்தாலும் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடுவதுதான் இதன் கெட்ட பழக்கம். செக் ஆல் அழுத்தி, நான்-மேனிஃபோல்ட் விளிம்பு (சரியாக இரண்டு முக்கோணங்கள் சேராத விளிம்பு) பூஜ்யம் என்று வந்த பிறகே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிளெண்டரில் வேலை செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

நிலக்கரி, மணல், ஜல்லிக் குவியலுக்கு கிளவுட்கம்பேர்தான் சரி. டூல்ஸ் மெனுவில் வால்யூம், அதில் கம்ப்யூட் 2.5டி வால்யூம். குவியலை ஸ்கேன் பண்ணிக் கிடைத்த புள்ளிகளை மேலாகவும் தரையைக் கீழாகவும் கொடுக்க வேண்டும். கிரிட் ஸ்டெப்பை (கணக்குக்காகப் பிரிக்கும் கட்டத்தின் அகலத்தை) ரொம்பச் சின்னதாக வைத்தால் புள்ளி விழாத கட்டங்கள் வரும், அவற்றைக் காலியாக விட்டால் அந்த இடம் கணக்கிலேயே சேராது. புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைவிடச் சற்றுப் பெரிதாக வையுங்கள். தரையை ஒரே உயரம் என்று எடுத்துக்கொள்வது அதைவிட மோசம்: ஒரு ஹெக்டேர் யார்டில் தரைமட்டம் 10 செ.மீ. தவறினால் 1,000 கன மீட்டர் போச்சு. யார்டு காலியாக இருக்கும்போதே தரையை ஒரு தடவை ட்ரோனில் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு முறையும் அதையே கீழ்மட்டமாகக் கொடுக்கலாம். கன மீட்டரை டன்னாக்கும்போது புத்தகத்தில் போட்டிருக்கும் அடர்த்தி உதவாது. ஈரமும் அடைப்பும் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே அளவு தெரிந்த பெட்டியில் அந்தக் குவியலிலிருந்தே அள்ளிப்போட்டு எடை பாருங்கள்.