இரண்டு முறை மாற்றிய கியர் ஆயிலும் உடையாத சிவப்புப் பின்னும்

பழைய பென்ஸ் ஓட்டுகிறவர்களும், மலிவாக வருகிறதே வாங்கிப்போடலாமா என்று யோசிக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். சென்னையில் ஒரு ஷெட்டில் 2,40,000 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை. ஷெட்டின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என் வண்டி 2004 மாடல் ஈ 270 சிடிஐ. ஐந்து சிலிண்டர் டீசல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். வாங்கும்போது மீட்டரில் 2,31,000 கிலோமீட்டர். அந்த எஞ்சினுக்கு அது பெரிய ஓட்டமே இல்லை. தொந்தரவும் எஞ்சினில் வரவில்லை. ஒரு நாள் காலை பூந்தமல்லி ஹைரோட்டில் வண்டி இரண்டாவது கியரிலேயே நின்றுகொண்டது. மிதித்தால் சத்தம்தான் வருகிறது, வேகம் ஏறவில்லை. ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், பத்து கிலோமீட்டர் போனால் திரும்பவும் அதே கதை.

தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஷெட்டில் விட்டேன். ஸ்கேனரைச் செருகி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கி ஓவராலிங் பண்ணணும்" என்றார் முதலாளி. 1,45,000. ஸ்கேனரில் என்ன பிழைக் கோட் வந்தது என்று நான் கேட்கவில்லை. கம்பெனி சர்வீஸில் இன்னும் அதிகம் ஆகும் என்ற பயத்தில் பேரம்கூடப் பேசவில்லை. பணம் ஜிபேயில் அவருடைய மச்சான் கணக்குக்குப் போனது. பில் என்று கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள். இதெல்லாம் என் முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு வாரம் இழுத்தார்கள். கேட்டால் "புதுப்பேட்டையில தேடுறோம் சார்", அடுத்த வாரம் "துபாய்ல இருந்து வருது சார்". நடுவில் ஒரு நாள் போன் வந்தது. பிரேக் பம்ப் ஆயுள் முடிந்துவிட்டதாம், புதுசு போட 95,000.

இந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006-க்கு முந்தைய டபிள்யூ211 வண்டிகளில் (என் ஈ கிளாஸ் வகைக்குக் கம்பெனி வைத்த பெயர்) எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக் இருக்கும். நாம் மிதிப்பதை சென்சார் படித்து, பம்ப் அழுத்தம் கொடுக்கும். எத்தனை தடவை பிரேக் பிடித்தோம் என்று அந்தப் பம்பே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை முடிந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். பம்ப் நிஜமாகவே கைவிட்டால் முன்சக்கரங்கள் மட்டும்தான் பிடிக்கும், அதுவும் முழு பலத்தோடு மிதித்தால். 2004-இல் இந்தப் பிரேக்குக்காகவே 6,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2006 மாடல் மாற்றத்தில் அதையே எடுத்துவிட்டார்கள். (இன்னொன்று: இந்த வண்டியில் கதவைத் திறந்தாலே பிரேக் தானாக அழுத்தம் ஏற்றிச் சோதித்துக்கொள்ளும். சிஸ்டத்தை முடக்காமல் பிரேக் பேட் மாற்றப் போனால் விரல் நசுங்கிவிடும். தெரியாத பையன்களைக் கைவைக்க விடாதீர்கள்.)

உயிர் விஷயம் என்று அந்த 95,000-ஐயும் அனுப்பினேன். வண்டி வந்தது. இருபத்து மூன்றாவது நாள் மறுபடி இரண்டாவது கியர்.

இந்த முறை பழைய பென்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் ஏற்றி அனுப்பினேன். ஸ்கேனரைக்கூட அவர் எடுக்கவில்லை. பானெட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கியர் ஆயில் மாத்தினாங்களா தம்பி?" என்றார்.

"ரெண்டு தடவை மாத்தினோம்னு பில்லுலயே எழுதியிருக்காங்கய்யா."

சிரித்தார். இந்தக் கியர்பாக்ஸில் ஆயில் ஊற்ற ஒரே வழி, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத அந்த வெறும் குழாய்தான். அதன் மூடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பின் இருக்கும். அதை உடைக்காமல் மூடி வராது, உடைத்தால் புதுசு போட வேண்டும். என் வண்டியில் பின் அப்படியே இருந்தது. மேலே வருடக்கணக்கான கிரீஸும் தூசியும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. "நீங்களே உடைங்க" என்றார். உடைத்தேன். ஆயில் தார் மாதிரி வந்தது.

அப்புறம் அடியில் போய் கியர்பாக்ஸின் வயர் பிளக்கைக் கழற்றினார். உள்ளே முழுக்க ஆயில். அந்த 13 பின் பிளக்கின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் ஆயில் கசிந்து, வயர் வழியாகவே ஏறி, கியரைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிவரை போய்விடுமாம். கியர்பாக்ஸுக்குள் சென்சார்கள் பதித்த தட்டும் போயிருந்தது. பிளக், தட்டு, ஃபில்டர், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ஆனது. வண்டியைச் சூடாக்கி, 80 டிகிரி வந்த பிறகு தன்னுடைய நீளக் கம்பியை விட்டு அளவு பார்த்தார். பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார், நான் கேட்காமலேயே.

பம்ப் கதை இதைவிட மோசம். வாங்கிய அன்று பானெட்டுக்குள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், ஏதோ ஒரு ஆசையில். அதில் பம்ப் லேபிளின் சீரியல் நம்பர் தெளிவாக இருக்கிறது. இப்போது வண்டியில் இருப்பதும் அதே நம்பர்தான். கருவி வைத்து எண்ணிக்கையை மட்டும் பின்னால் திருப்பிவிட்டு, புதுப் பம்ப் என்று காசு வாங்கியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் விஷயத்தில் பணம் போனது, அவ்வளவுதான். இதில் என் மனைவியும் பிள்ளைகளும் 23 நாள் அந்த வண்டியில் போய்வந்தார்கள்.

அந்தப் பழைய ஷெட்டுக்கே போய் முதலாளியிடம் கேட்டேன். "பின்னை உடைச்சிட்டு வேற பின் போட்டோம் சார்" என்றார். அந்தப் புது பின்னில் எப்படி இருபது வருட அழுக்கு வந்தது என்றதற்குப் பதில் இல்லை. பம்ப் போட்டோவைக் காட்டியதும், பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று 20,000 எடுத்து நீட்டினார். வாங்கவில்லை.

மனுவை இணையத்திலேயே போட்டேன். வக்கீல் வைக்கவில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சரியான பில் இல்லாததுதான் என் பலவீனம். வெள்ளைத்தாள், ஜிபே விவரம், வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள், இரண்டு போட்டோக்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த கடிதம், உடைந்த அந்தச் சிவப்புப் பின் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். அடுத்த வாய்தா வருகிற 19-ஆம் தேதி.

வண்டி வாசலில் கவர் போட்டு நிற்கிறது. கியர் இப்போது வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஆனால் நிஜமான புதுப் பம்ப் வரும்வரை சாவியைத் தொடுவதாக இல்லை. மேற்கு சென்னைப் பக்கம் யாருக்காவது இதே அனுபவம் இருந்தால், பம்ப்புக்குப் பணம் கொடுத்திருந்தால், இன்றைக்கே லேபிளைப் பாருங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.